செருப்பைப் போட்ட பிறகு சேலையைக் கட்டுங்கள்

ஆறடிக்காரி, சென்னை:

திருநங்கைகளும், பெண் உடை உடுத்தும் ஆண்களுமான நாம் உடை விஷயத்தில் வாங்கிய அடிகளை எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். நானே தொடங்குகிறேன், எனக்கு வெட்கம் போய் ரொம்ப நாளாகிறது.

நான் ஐந்தடி பதினோரு அங்குலம். சேலை கட்டிக்கொண்டு முதன்முதலாக வெளியே போனது ஒரு தோழியின் வளைகாப்புக்கு. கண்ணாடி முன்னால் ஒன்றரை மணி நேரம் நின்று கொசுவம் வைத்தேன். தரையைத் தொட்டுக்கொண்டு அழகாக விழுந்தது. எல்லாம் முடிந்த பிறகு இரண்டரை அங்குல ஹீல்ஸைப் போட்டேன். அவ்வளவுதான், சேலை கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. அவிழ்த்துக் கட்ட நேரமில்லை. ஆட்டோவில் ஏறிவிட்டேன். மண்டப வாசலில் ஒரு பாட்டி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏம்மா, சேலையைத் தூக்கிச் செருகியிருக்கியே, வாசல் தெளிச்சிட்டு அப்படியே வந்துட்டியா?" என்றார். நான் யார் என்ன என்றெல்லாம் அவருக்கு அக்கறையே இல்லை. அவர் கண்ணில் பட்டது அந்த இரண்டரை அங்குலம் மட்டும்தான்.

அன்றிலிருந்து செருப்பு முதலில், பாவாடை அப்புறம், சேலை கடைசியில். கடைக்குப் போனால் நீளத்தை யாரும் கேட்பதில்லை, எப்படியும் ஐந்தரை மீட்டர் இருக்கும். அகலத்தைத்தான் கேட்க வேண்டும். மலிவான சிந்தெடிக் சேலைகளில் 44 அங்குலம்தான் பெரும்பாலும் வரும். என் உயரத்துக்கு அது பத்தாது. பட்டிலும் சில கைத்தறியிலும் 47, 48 கிடைக்கும். டேப்பை எடுத்து அளந்துவிட்டே வாங்குகிறேன், கடைப்பையன் முறைத்தால் முறைக்கட்டும்.

ஏற்கெனவே வாங்கிய அகலம் குறைந்த சேலைக்கும் வழி இருக்கிறது. இடுப்பில் செருகும் மேல் ஓரத்தில், அதே நிறத்தில் நாலு அங்குலத் துணியை ஒட்டுப் போட்டுத் தைத்துவிடலாம். உள்ளே போய்விடுவதால் தெரியாது. ஆனால் முதல் மூன்று மீட்டரோடு ஒட்டை நிறுத்திவிட வேண்டும். முந்தானை வரை இழுத்துத் தைத்தால் அந்த ஓரம் மார்புக்கு மேலே வந்து இளித்துக்கொண்டு நிற்கும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

மல்லிமொட்டு, மதுரை:

அக்கா, என் கதை ஜாக்கெட் கதை.

என் கூடப்பிறந்த அக்காவின் ஜாக்கெட்டை அளவு ஜாக்கெட் என்று சொல்லித் தையல்காரம்மாவிடம் கொடுத்தேன். என்னை அளக்க விட எனக்குப் பயம். அக்காவின் தோள் பதினாலு அங்குலம், என் தோள் பதினாறரை. மார்பளவு மட்டும் ஒத்துப்போனால் போதும் என்று நினைத்துவிட்டேன். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில், எதிர்சேவைக்குக் கையைத் தூக்கிக் கும்பிட்டதும் அக்குள் தையல் டர்ரென்று விட்டது. அழகர் வருகிறார், ஊரே கையைத் தூக்குகிறது, நான் மட்டும் முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு பொம்மை மாதிரி நிற்கிறேன்.

அப்புறம் ஒருத்தர் சொல்லி, மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கும் புதுமண்டபத்துக்குப் போனேன். அப்போது தையல் கடைகள் அங்கேதான் இருந்தன, குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறவில்லை. சாமிக்கும் தைத்து, திருவிழா வேஷக்காரர்களுக்கும் தைத்துப் பழகிய பெரியவர் ஒருவர். என்னைப் பார்த்து முகம் சுளிக்கவுமில்லை, அதிகம் சிரிக்கவுமில்லை. "உள்ளே போடுறதைப் போட்டுட்டு வாம்மா, அப்புறம் அளக்கிறேன். இப்ப அளந்தா அது வேற உடம்பு" என்றார். எனக்கு அன்றுதான் புரிந்தது. மார்புக்குப் பேடு வைக்கிறவர்கள் பேடோடு அளவு கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மார்புக்காகத் துணியை மடித்துத் தைக்கிற டாட் ஒரு பக்கம், மார்பு ஒரு பக்கம் என்று ஆகிவிடும்.

அவர் மறுத்தது இரண்டு. பஃப் கை கேட்டேன், "உன் தோளுக்குக் கோபுரம் எதுக்கு?" என்றார். படகுக் கழுத்து கேட்டேன், அதுவும் தோளை இன்னும் அகட்டும் என்று சொல்லிவிட்டு இறக்கமான வி கழுத்தும் முழங்கை வரைக்கும் கையும் வைத்துத் தந்தார். முந்தானையைக் குறுக்கி மடித்துத் தோள் நடுவில் பின் குத்துவதையும் அதற்குப் பிறகு விட்டுவிட்டேன். ஒற்றையாக விரித்துவிட்டால் தோள், மேல் கை எல்லாவற்றையும் அதுவே மூடிக்கொள்கிறது. பேருந்தில் ஏறும்போது மட்டும் எடுத்துச் செருகிக்கொள்ள வேண்டும்.

இராப்பறவை, கோவை:

நான் திருநங்கை இல்லை, கிராஸ்டிரஸ்ஸர், அதாவது அவ்வப்போது பெண் உடை உடுத்துகிற ஆண். வயது நாற்பத்திரண்டு. வாரத்தில் ஒரு நாள், சில மாதங்களில் அதுவும் இல்லை. மனைவிக்குத் தெரியும். அவளுக்குத் தெரிவதற்கு முன்னால் பத்து வருடம் நான் உடுத்தியதெல்லாம் தப்பு என்பதை அவள்தான் எனக்குச் சொன்னாள்.

கடையில் "வீட்டுக்காரிக்கு" என்று சொல்லி வாங்குவேன். போட்டுப் பார்க்க முடியாது, திருப்பிக் கொடுக்கவும் கூச்சம். ஃப்ரீ சைஸ் என்று போட்டிருந்த குர்தி எதுவும் எனக்கு ஃப்ரீயாக இருந்ததில்லை. ஆனால் பெரிய தப்பு அளவில் இல்லை. நான் வாங்கியதெல்லாம் பதினெட்டு வயதுப் பெண் கல்லூரி விழாவுக்குப் போடுகிற துணி. ஜிகினா வைத்த லெகங்கா, முதுகில் கயிறு கட்டும் ஜாக்கெட், குட்டைப் பாவாடை. அலமாரியை முதன்முதலாகத் திறந்து காட்டிய அன்று அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் போட்டாள். கடைசியில், "இதையெல்லாம் நானே போடமாட்டேனே. உங்க வயசுப் பொம்பளைங்க என்ன போடுறாங்கன்னு ஒரு நாளாவது பார்த்திருக்கீங்களா?" என்றாள்.

பார்த்திருக்கவில்லை. அதுதான் வேடிக்கை. பெண்களைப் போல உடுத்த ஆசைப்பட்டு, பெண்களைப் பார்க்காமல் படங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் போதும். காட்டன் சுடிதார், தோளில் பின் குத்திய துப்பட்டா, ஒரு கிளிப், சின்னத் தோடு. நாற்பதைத் தாண்டிய யாரும் பகல் பதினொரு மணிக்கு ஜரிகையில் மின்னவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மார்புக்குப் பஞ்சு வைத்தால் கனம் இல்லாமல் மேலே ஏறிக்கொண்டு போகிறது என்று, காலுறைக்குள் கடுகைக் கொட்டி முடிச்சுப் போட்டு வைத்தேன். அசைவு நிஜம் போலவே இருக்கும், அதில் குறை சொல்ல முடியாது. ஒரு ராத்திரி காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினேன். முடிச்சு அவிழ்ந்து அரைக் கிலோ கடுகும் சீட்டுக்கு அடியில். ஆறு மாதம் பிரேக் போடும்போதெல்லாம் காரில் கடுகு உருளும் சத்தம் கேட்டது. "தாளிக்க எடுத்துக்கட்டுமா?" என்று மனைவி இன்றைக்கும் கேட்கிறாள். இப்போது சிலிக்கோனில் செய்த மார்பு வாங்கிவிட்டேன்.

விழுப்புரத்து அக்கா:

பிள்ளைகளா, நீங்கள் துணியைப் பற்றியே பேசுகிறீர்கள், நான் வளையலைப் பற்றிச் சொல்கிறேன்.

வளையல் கடையில் ரெண்டு நாலு, ரெண்டு ஆறு, ரெண்டு எட்டு, ரெண்டு பத்து என்று கேட்பார்கள். அது தசமப் புள்ளி இல்லை. வளையலின் உள் விட்டம் இரண்டு அங்குலமும் அதற்கு மேல் பதினாறில் இத்தனை பங்கும் என்று கணக்கு. 2.10 என்று எழுதியிருப்பதைப் பார்த்து, 2.8-ஐவிடச் சின்னது என்று நினைத்து விட்டுவிட்டு வருகிற பிள்ளைகள் நிறையப் பேர். நானும் அப்படித்தான் இருந்தேன். நம்மில் பலருக்கு எலும்பு கனத்த கை, ரெண்டு பத்தோ ரெண்டு பன்னிரண்டோதான் சரிப்படும். பெரிய சைஸ் கேட்க வெட்கப்பட்டு, சோப்பு நுரை போட்டு ரெண்டு எட்டை ஏற்றிக்கொள்வேன். ஏறிவிடும். இறங்குகிற அன்றுதான் தெரியும்.

எனக்கு அது தெரிந்தது கூவாகத்தில். சித்திரைப் பௌர்ணமி, கூத்தாண்டவர் கோயிலில் ராத்திரி அரவானுக்கு மனைவியாகத் தாலி கட்டிக்கொண்டு விடிய விடியக் கும்மி. இரண்டு கையிலும் இரண்டு டஜன் கண்ணாடி வளையல். மறுநாள் அரவான் பலியானதும் அழிகளத்தில் தாலியை அறுத்து வளையலை உடைப்பார்கள் அல்லவா, என் வளையலுக்கும் கைக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி கிடையாது. தூக்கமில்லாமல் வெயிலில் நின்று கை வேறு வீங்கியிருந்தது. தட்டினதும் கண்ணாடி சதைக்குள்ளேயே போய்விட்டது. எல்லாரும் அரவானுக்காக அழுதுகொண்டிருக்கிறார்கள், நான் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறேன். வெள்ளைச் சேலை கட்டிவிட வந்த எங்கள் குருவுக்கு வித்தியாசம் தெரியவில்லை, "நல்லா அழு மகளே" என்றார். தழும்பு மணிக்கட்டில் இன்னும் இருக்கிறது.

கூவாகம் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. விழுப்புரத்தில் மேடையில் நடக்கிற அழகிப் போட்டி வேறு, ஊருக்குள் நடக்கிற திருவிழா வேறு. மேடைக்குப் போட்ட கவுனையும் பென்சில் ஹீல்ஸையும் அப்படியே போட்டுக்கொண்டு வயல்காட்டு மண்ணில் நடந்து, குதி புதைந்து விழுகிற பிள்ளைகளை ஒவ்வொரு வருஷமும் தூக்கிவிடுகிறேன். வெல்வெட் ஜாக்கெட்டோடு அந்த வெயிலில் நிற்பதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆறடிக்காரி, உன் சொல்லை நான் மறுக்கவில்லை கண்ணு. ஆனால் தோளை மறை, கையை மறை, உயரத்தை மறை என்றே எல்லாரும் எழுதிக்கொண்டு போனால் மறைப்பதற்காகவே உடுத்துகிற மாதிரி ஆகிவிடும். மறைக்கத்தான் அந்தக் காலத்தில் சட்டை வேட்டியே இருந்ததே. எனக்குப் பிடித்த கிளிப்பச்சை என்னைத் தூரத்திலிருந்தே காட்டிக்கொடுக்கும், இருந்தாலும் அதைத்தான் கட்டுகிறேன்.

பவுடர் டப்பா, திருச்சி:

மேக்கப் வேலை செய்கிறேன், சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். தாடி நிழல் நீலம் பாய்ந்து தெரிந்தால் அதன் மேல் வெளுப்பான ஃபவுண்டேஷனைப் போடாதீர்கள், சாம்பல் பூசின மாதிரி ஆகும். முதலில் ஆரஞ்சு நிறம் மெல்லிசாக, அதற்குப் பிறகுதான் ஃபவுண்டேஷன். ஆரஞ்சு கரெக்டர் இல்லையென்றால் ஆரஞ்சு நிற லிப்ஸ்டிக்கே போதும், விரலால் தட்டித் தட்டி வையுங்கள். ஷேடைத் தாடை ஓரத்தில் தடவி வெயிலில் நின்று பாருங்கள். கடை டியூப்லைட்டில் எல்லாரும் சிவப்புதான். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம் என்று வருகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: நம் நிறத்துக்கு என்னம்மா குறை?

விக் வைக்கிறவர்கள் நாலு முழம் மல்லிகையை விக்கிலேயே குத்தாதீர்கள், கனத்தில் பின்பக்கம் வழுக்கிவிடும். சிந்தெடிக் விக்கோடு அடுப்படிக்கும் போகாதீர்கள். தோசை ஊற்றக் குனிந்த ஒருத்தியின் முன்முடி சுருண்டு உருகியதை என் கண்ணால் பார்த்தேன்.

ஜீன்ஸ்காரி, சேலம்:

எனக்குச் சேலையே பிடிக்காது. ஒரு அலுவலகத்தில் சான்றிதழ் விஷயமாகப் போனபோது, "சேலை கட்டிட்டு வந்திருக்கலாமே" என்றார்கள். அங்கே எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்ணும் ஜீன்ஸ்தான் போட்டிருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் பதில் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அடுத்த முறையும் ஜீன்ஸோடுதான் போனேன்.

என் கேள்வி வேறு. என் கால் ஆண்கள் அளவில் பத்து. பெண்கள் செருப்பு பெரும்பாலும் எட்டோடு நின்றுவிடுகிறது. என்ன செய்வது?

ஆறடிக்காரி, சென்னை:

எட்டை வாங்கிக் குதியைத் தொங்கவிட்டுக்கொண்டு நடக்காதே, அதை நான் இரண்டு வருடம் செய்து இடுப்பு வலி வாங்கினேன். ஆண்கள் பகுதியில் மெல்லிய வாருள்ள தோல் செருப்பு கிடைக்கும், சுடிதாருக்குக் கீழே யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஹீல்ஸ்தான் வேண்டும் என்றால் அளவு கொடுத்துச் செய்யச் சொல். வெள்ளைத் தாளில் இரண்டு பாதத்தையும் வைத்துப் பென்சிலால் வரைந்து எடுத்துக்கொண்டு போ. சாயங்காலத்தில் வரைந்துகொள், காலையில் வரையாதே. நாள் முழுக்க நின்ற கால் கொஞ்சம் பெருத்திருக்கும், அந்த அளவுக்குத்தான் செருப்பு வேண்டும்.