எஃப்ஜிஎஃப்-2: ஜெல்லில் சுத்தம், செல்லில் சத்தமே இல்லை

இரவுக்காக்கை:
ஸ்டெம் செல் வளர்க்கத் தேவையான எஃப்ஜிஎஃப்-2 என்ற வளர்ச்சிக் காரணிப் புரதத்தை வாங்கிக் கட்டுப்படியாகவில்லை என்று கைடு கையை விரித்துவிட்டார். அதனால் நானே இ.கோலை பாக்டீரியாவில் தயாரித்தேன். பிஎல்21 என்ற இ.கோலை ரகம், புரத உற்பத்தியைத் தூண்ட ஐபிடிஜி கொடுத்து 18 டிகிரியில் ஒரு ராத்திரி, அப்புறம் சுத்தம் செய்ய நிக்கல் காலம் (column). புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் 18 கிலோடால்டனுக்குச் சற்று மேலே ஒற்றைக் கோடு. அம்மாவுக்குக்கூடப் படமெடுத்து அனுப்பினேன், "இது என்னடி, அழுக்குக் கோடு" என்றார். ஆனால் மனித ஸ்டெம் செல்லுக்குக் கொடுத்தால் மூன்றாம் நாளே காலனியின் ஓரம் தட்டையாகிறது, அதாவது ஸ்டெம் தன்மை போகத் தொடங்குகிறது. வாங்கிய புரதத்தை அதே அளவு கொடுத்தால் இந்தப் பிரச்சினை இல்லை. என்னுடையது மூன்று வாரமாக 4 டிகிரியில் இருக்கிறது. எங்கே தப்பு?

பழைய_பஃபர்:
டிடிடி (சிஸ்டீன்களுக்கு இடையிலான கந்தகப் பிணைப்பை உடைக்கும் பொருள்) போடாமல் ஜெல் ஓட்டிப் பார்த்தீர்களா?

இரவுக்காக்கை:
இப்போதுதான் ஓட்டினேன். இரட்டிப்பு எடையில் இன்னொரு கோடு, அதற்கு மேலே ஒரு இழுவல். முதல் ஜெல்லில் டிடிடி இருந்ததால் தெரியவில்லை போல.

பழைய_பஃபர்:
நானும் இதே குழியில் ஆறு மாதம் கிடந்தேன். இந்தப் புரதத்தில் நான்கு சிஸ்டீன் (கந்தகம் உள்ள அமினோ அமிலம்). இரண்டு உள்ளே மறைந்திருக்கும், இரண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். குளிர்பெட்டியில் கிடக்கக் கிடக்க வெளியே இருப்பவை பக்கத்துப் புரதத்தில் இருப்பவற்றோடு கைகோர்த்துவிடும். அந்த இரண்டையும் செரின் என்ற வேறு அமினோ அமிலமாக மாற்றினாலும் செயல்திறன் போகாது, நான் அப்படித்தான் செய்தேன்.

இன்னொன்று, நிக்கலுக்குத் தெரிவது ஹிஸ் வால் (சுத்தம் செய்வதற்காகப் புரதத்தில் ஒட்டும் ஹிஸ்டிடின் வரிசை) மட்டும்தான். புரதம் ஒழுங்காக மடிந்ததா என்பது அதன் கவலையில்லை. அடுத்து ஹெப்பாரின் (இந்தப் புரதம் இயல்பாக ஒட்டும் சர்க்கரைச் சங்கிலி) காலத்தில் விடுங்கள். சரியாக மடிந்தது கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், 1.5 மோலார் உப்பு அளவில்தான் இறங்கும். 1984-இல் ஷிங், ஃபோக்மன், கிளாக்ஸ்பரன் குழு கட்டியிலிருந்து இந்த வகை வளர்ச்சிக் காரணியைப் பிரித்ததே இந்தப் பிடியை வைத்துத்தான். செல்லின் மேலும் அதே கதை: ஹெப்பாரினின் உறவான ஹெப்பரான் சல்பேட் கூட இருந்தால்தான் இந்தப் புரதத்தைப் பிடிக்கும் ஏற்பி இரண்டிரண்டாகச் சேர்ந்து நிலைக்கும்.

குழாயடி:
37 டிகிரியில் இது ஒரு நாள்கூடத் தாங்காதே. மீடியம் (செல் வளரும் திரவம்) தினமும் மாற்றுகிறீர்களா?

இரவுக்காக்கை:
ஒருநாள் விட்டு ஒருநாள். ஞாயிறு வருவதில்லை. வாங்கிய புரதத்துக்கும் அதே கணக்குதான்.

பழைய_பஃபர்:
வாங்கியது முழுத் திறனோடு போகிறது, பாதி அழிந்தாலும் மிச்சம் இருக்கும். உங்களுடையது கிளம்பும்போதே பாதி. ஸ்டெம் செல்லில் நாள்கணக்காகக் காத்திருக்காதீர்கள். 3டி3 என்ற எலி செல்லை சீரம் இல்லாமல் ஒரு ராத்திரி பட்டினி போட்டு, பத்து நிமிடம் புரதம் கொடுத்து, பாஸ்போ-ஈஆர்கே வெஸ்டர்ன் (ஏற்பி செல்லுக்குள் சமிக்ஞை அனுப்பியதா என்று காட்டும் சோதனை) ஓட்டுங்கள். வாங்கியதைப் பக்கத்துக் குழியில் ஓட்ட மறக்கவேண்டாம். ஹெப்பாரினில் இறங்கியதைச் சின்னச் சின்னதாகப் பிரித்து மைனஸ் 80-இல் வையுங்கள். நீர்த்த கரைசல் என்றால் கொஞ்சம் ஆல்புமின் என்ற புரதம் சேருங்கள், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் சுவரே பாதியைத் தின்றுவிடும்.

இரவுக்காக்கை:
ஹெப்பாரின் காலம் பக்கத்து லேபில் இருக்கிறதாம். நாளைக் காலை கேட்கப் போகிறேன். அந்த மூன்று வாரச் சரக்கைக் கொட்டிவிடட்டுமா?

பழைய_பஃபர்:
கொட்டாதீர்கள். அதையும் வெஸ்டர்னில் ஒரு குழியில் ஓட்டுங்கள்.