தொப்புள்கொடி ரத்தம் சேமிக்க 65,000 ரூபாய்: கட்டலாமா, விடலாமா?

நொய்யல்கரை (திருப்பூர்):
வணக்கங்க. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். வீட்டில் ஏழாம் மாதம். போன வாரம் ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தை 75 வருடம் பாதுகாத்துத் தருகிறோம், மொத்தம் 65,000 ரூபாய், தவணையும் உண்டு என்று அரை மணி நேரம் பேசினார். நாளைக்கே குழந்தைக்கு பிளட் கேன்சர் வந்தால் இதுதான் மருந்து என்றார். அந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டோம். என் மாமனார் இரண்டு வருடத்துக்கு முன் அதே நோயில்தான் போனார். சங்கிலியை அடகு வைத்தாவது கட்டிவிடலாம் மாப்பிள்ளை என்கிறார் அத்தை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சென்னிமலைத்தறி:
யோசிக்காமல் கட்டுங்கள் தம்பி. என் மகளுக்கு 2019இல் கட்டினேன். கொடியிலிருந்து ரத்தம் எடுக்கப் பிரசவத்தை ஒட்டிய சில நிமிடம்தான் உண்டு. விட்டால் விட்டதுதான். எட்டுத் தறிக்கும் இன்சூரன்ஸ் போட்டிருக்கிறேன், பெற்ற பிள்ளைக்குப் போட மாட்டேனா? இது ஏதோ புரளியும் இல்லை. 1988லேயே பாரிஸில் ஒரு சிறுவனுக்குக் கொடி ரத்தம் ஏற்றிப் பிழைக்க வைத்திருக்கிறார்கள். இன்று உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் செய்தாகிவிட்டது.

லேப்மேட் (கோவை):
கோவையில் ஒரு ரத்த வங்கியில் வேலை. கொடி ரத்தத்தில் புது ரத்தத்தை உருவாக்கும் மூல அணுக்கள், அதாவது ஸ்டெம் செல், இருக்கின்றன. மருந்து என்பது அதைத்தான். அண்ணா சொன்ன பாரிஸ் கதை உண்மை. எலியான் குளுக்மன் என்ற மருத்துவரின் குழு செய்தது. ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அந்தச் சிறுவனுக்கு ஏறியது அவனுடைய கொடி ரத்தம் இல்லை, அப்போதுதான் பிறந்த தங்கையுடையது. அவனுக்கு இருந்ததும் புற்றுநோய் இல்லை, ஃபான்கோனி அனீமியா என்ற பரம்பரை நோய். உங்களிடம் விற்கப்படுவதோ அவரவருக்கு அவரவர் ரத்தம். இரண்டும் ஒன்றில்லைங்க.

குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் கணிசமானவற்றுக்கு வித்து கருவிலேயே விழுந்துவிடுகிறது. பிறந்ததும் குதிகாலில் குத்தி, காகிதத்தில் உலர்த்தி வைத்திருந்த ரத்தத் துளிகளைப் பல வருடம் கழித்து எடுத்துச் சோதித்திருக்கிறார்கள். பின்னாளில் நோய் வந்த பிள்ளைகள் பலரின் துளியில் அந்த மரபணுக் கோளாறு அன்றைக்கே இருந்தது. அப்படியென்றால் சேமித்த கொடி ரத்தத்திலும் அது இருக்கலாம். இற்ற நூலில் ஓட்டிய பாவு அறுந்துபோனால், அதே கண்டிலிருந்து நூல் எடுத்து மறுபடியும் பாவு ஓட்டுவீர்களா அண்ணா?

அதோடு, மாற்று சிகிச்சையில், அதாவது நோயாளியின் அணுக்களை அழித்துவிட்டு இன்னொருவரின் ஸ்டெம் செல்லை ஏற்றுவதில், பாதி வேலையைச் செய்வதே கொடுத்தவரின் அணுக்கள்தான். அவை உடம்புக்கு அந்நியம் என்பதால் மிச்சம் மீதி இருக்கும் புற்றணுக்களை அடையாளம் கண்டு கொல்கின்றன. சொந்த அணுவுக்கு அந்தக் கண் கிடையாது.

மஞ்சள்மண்டி (ஈரோடு):
இதெல்லாம் நம் முன்னோர்களுக்கு அன்றைக்கே தெரியும். காய்ந்து விழுந்த தொப்புள்கொடியை வெள்ளித் தாயத்தில் அடைத்து அரைஞாண் கயிற்றில் கட்டினார்களே, எதற்காம்? அதுதான் முதல் ஸ்டெம் செல் பேங்க்.

லேப்மேட் (கோவை):
வாட்ஸப்பில் எனக்கும் வந்ததுங்க. உயிரோடு இருக்கும் அணுதான் மருந்து. வங்கியில் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் உறைய வைப்பது அதைச் சாகாமல் காக்கத்தான். தாயத்தில் இருப்பது காய்ந்த தோல். அது பாசத்துக்காகக் கட்டியது. அந்த மட்டில் அதற்கு நானும் கும்பிடு போடுகிறேன்.

மஞ்சள்மண்டி (ஈரோடு):
கும்பிடாவது போட்டீர்களே, சந்தோஷம்.

கொடுமுடிக்காரி:
முப்பது வருடம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவள். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். குழந்தை பிறந்து ஒரு நிமிடமாவது கழித்துத்தான் கொடியைக் கிளிப் போட்டுக் கவ்வ வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த ஒரு நிமிடத்தில் நஞ்சுக்கொடியில் நிற்கும் ரத்தம் குழந்தைக்குள் போகும், பின்னால் இரும்புச்சத்து குறையாமல் காக்கும். பை நிறைய ரத்தம் வேண்டும் என்றால் சீக்கிரம் கவ்வச் சொல்வார்கள். நம் பிள்ளைகளுக்கு ரத்தசோகை எவ்வளவு என்று ஊர் அங்கன்வாடியில் கேட்டாலே தெரியும். வராத நோய்க்கு எடுத்து வைக்கிறேன் என்று, வருகிற நோய்க்கு வழி விடாதீர்கள்.

சென்னிமலைத்தறி:
லேப் தம்பி சொல்வதைப் பாதி ஏற்கிறேன். ஆனால் அறிவியல் 1988லேயே நிற்கிறதா? 2023 ஏப்ரலில் ஒமிடுபிசெல் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். கொடி ரத்த அணுக்களை ஆய்வகத்தில் பெருக்கி ஏற்றுவது. சாதாரணக் கொடி ரத்தத்தில் வெள்ளணுக்கள் தலைதூக்க 22 நாள் ஆனதென்றால் இதில் 12 நாள். 2020இல் ஹூஸ்டனில் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையில் கொடி ரத்தத்திலிருந்து என்கே என்ற நோய் எதிர்ப்பு அணுக்களைப் பிரித்து, புற்றணுவைத் தேடிப் பிடிக்கும்படி மாற்றி 11 பேருக்குக் கொடுத்தார்கள். 8 பேருக்குக் கேட்டது. இன்னும் இருபது வருடத்தில் என்னவெல்லாம் வருமோ? அன்றைக்குக் கையில் சரக்கு இருப்பவன்தானே பிழைப்பான்.

லேப்மேட் (கோவை):
அண்ணா நன்றாகவே படித்திருக்கிறீர்கள், சந்தோஷம். அந்த இரண்டிலும் சரக்கு யாருடையது என்று மட்டும் பாருங்கள். இரண்டுமே முகம் தெரியாத ஒரு தாய் தானமாகக் கொடுத்த கொடி. ஹூஸ்டனில் நோயாளியோடு திசு வகை முழுப் பொருத்தம்கூடப் பார்க்கவில்லை. என்கே அணுக்கள் அடுத்தவர் உடம்பில் போய்ச் சண்டை கிளப்புவதில்லை, அதனால்தான் அந்த வழியே பிடித்திருக்கிறது. நீங்கள் காட்டும் அறிவியல் அத்தனையும், தானமாக வாங்கி யாருக்குப் பொருந்தினாலும் கொடுக்கும் பொது வங்கிக்குத்தான் சாட்சி சொல்கிறது. பெட்டியில் பூட்டி வைத்ததற்கு இல்லை.

ஒரு கணக்கும் போடுகிறேன். நோயாளியின் எடை ஒரு கிலோவுக்குக் குறைந்தது 2.5 கோடி அணுக்கள் வேண்டும். அறுபது கிலோ ஆளுக்கு 150 கோடி. நல்ல சேகரிப்பு என்றால் ஒரு கொடியில் 100 கோடியை ஒட்டி வரும், பலதில் அதற்கும் கீழே. பெரியவர்களுக்கு இரண்டு கொடி சேர்த்து ஏற்றுவது இதனால்தான். 75 வருடம் என்கிறார்களே, பிள்ளை பதினைந்து வயதைத் தாண்டியதும் அந்தப் பை அவனுக்கே பற்றாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017 வழிகாட்டுதலில், பின்னாளில் சொந்த உபயோகத்துக்கென்று கொடி ரத்தம் சேமிக்க அறிவியல் அடிப்படை இல்லை என்றே எழுதியிருக்கிறது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமும் 2018இல் இதை ஊக்குவிக்க வேண்டாம் என்றது.

ஒரே ஒரு விலக்கு உண்டு. வீட்டில் மூத்த பிள்ளைக்கு ஏற்கெனவே தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகையோ ரத்தப் புற்றுநோயோ இருந்தால், அடுத்துப் பிறக்கும் பிள்ளையின் கொடியைக் கண்டிப்பாக எடுத்து வைக்க வேண்டும். உடன்பிறந்தவரோடு முழுப் பொருத்தம் வர நாலில் ஒரு வாய்ப்பு.

சென்னிமலைத்தறி:
சரி, பொது வங்கி பொது வங்கி என்கிறீர்களே, இங்கே எங்கே இருக்கிறது? கொடிரத்தம் தானம் தருகிறேன் என்று கோவை அவிநாசி ரோட்டில் ஒவ்வொரு ஆஸ்பத்திரி வாசலிலும் நின்று பாருங்கள், வாங்க ஆள் இருக்காது. சென்னையில் ஜீவன் அறக்கட்டளை பொது வங்கி தொடங்கியது, பிறகு அவர்களும் கொடையாளர் பதிவேட்டுப் பக்கம் போய்விட்டார்கள். தனியார்தான் சமூக வங்கி என்று திட்டம் போட்டு, பணம் கட்டிய எல்லோரின் கொடியையும் ஒரே தொகுப்பாக்கி யாருக்குப் பொருந்துகிறதோ அவருக்குக் கொடுக்கிறார்கள். அதையும் வேண்டாம் என்றால் பிறகு எதைத்தான் செய்வது?

லேப்மேட் (கோவை):
இதில் அண்ணாவின் குத்து சரியாக விழுந்தது. பொது வங்கிக்கு நம் ஊரில் வழி இல்லை என்பது நிஜம். சமூக வங்கி என்பது தனிப் பெட்டியைவிட மேல்தான், ஆனால் கிணற்றுக்கு முறை வைத்த மாதிரி, பங்கு உள்ளவருக்கு மட்டும் தண்ணீர். பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்கு வேலை செய்கிறவரின் பிள்ளைக்கு அதில் ஒரு குடம்கூடக் கிடையாது.

கொடியே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. சியாட்டிலில் செய்து 2016இல் வெளியான ஆய்வில், சிகிச்சைக்கு முன் உடம்பில் கொஞ்சம் நோய் மிச்சம் இருந்தவர்களுக்கு மற்ற கொடையாளர்களைவிடக் கொடி ரத்தத்தில் நோய் திரும்புவது குறைவாக இருந்தது. ஆனால் இப்போது அப்பாவோ அம்மாவோ பாதிப் பொருத்தத்தில் கொடுத்தாலே மாற்று சிகிச்சை செய்துவிடுகிறார்கள். 2021இல் வந்த அமெரிக்கச் சோதனையில் இரட்டைக் கொடியையும் பாதிப் பொருத்தத்தையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். நோய் திரும்பாமல் இருந்தவர் கணக்கில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் இரண்டு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் கொடியில் 46 சதவீதம், பாதிப் பொருத்தத்தில் 57. செலவும் குறைவு. நம் பக்கம் மருத்துவர்கள் எதற்குப் போவார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

மஞ்சள்மண்டி (ஈரோடு):
எனக்கு ஒரு சந்தேகம். கார்-டி, கார்-டி என்கிறார்களே, அதற்குக் கொடி வேண்டாமா? முதலில் பேப்பரில் பார்த்தபோது கார் லோன் விளம்பரம் என்று தள்ளிவிட்டேன்.

லேப்மேட் (கோவை):
விலையைக் கேட்டால் லோன்தான் ஞாபகம் வரும்ங்க. வேண்டாம். நோயாளியின் சொந்த டி அணுக்களையே, அதாவது ஒரு வகை வெள்ளணுக்களையே, கையிலிருந்து எடுத்து, புற்றணுவின் மேல் இருக்கும் சிடி19 என்ற அடையாளத்தைப் பிடிக்கும்படி மாற்றித் திருப்பி ஏற்றுவது. எல்லா ரத்தப் புற்றுநோய்க்கும் இல்லை, பி அணு என்ற இன்னொரு வகை வெள்ளணுவில் வருபவற்றுக்குத்தான். 2017இல் அமெரிக்காவில் முதல் மருந்து வந்தபோது விலை 4,75,000 டாலர். மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19க்கு 2023 அக்டோபரில் இங்கே அனுமதி கிடைத்தது. விலை 40 லட்சத்தை ஒட்டி. பத்தில் ஒரு பங்குக்கு இறக்கியிருக்கிறார்கள், அது சின்ன வேலை இல்லை. அப்படியும் முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் என்பதை நினைத்தால் தலை சுற்றுகிறது.

பொள்ளாச்சி அம்மா:
நேற்றிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதலாமா என்று யோசனை. என் மகனுக்கு ஆறு வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. ஏஎல்எல் என்பார்கள். அவன் கொடி ரத்தத்தைச் சேமித்து வைத்திருந்தேன். நோய் பெயரைக் கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியது, அழுகைகூட இல்லை, கையில் மருந்து இருக்கிறது என்பதுதான். ஃபைலைத் தூக்கிக்கொண்டு போய் டாக்டர் மேசையில் வைத்தேன். திறந்துகூடப் பார்க்காமல் மெதுவாக என் பக்கம் தள்ளி வைத்தார். அம்மா, இவனுக்கு இது வேண்டாம், கீமோவிலேயே சரியாகும் வகை, தேவைப்பட்டாலும் இவனுடையதை ஏற்ற மாட்டோம் என்றார்.

இரண்டரை வருடம் கீமோ. இப்போது எட்டாம் வகுப்பு, வீட்டில் நிற்பதில்லை, ஆழியாறு தண்ணீரில்தான் கிடக்கிறான். எங்களுக்குக் கை கொடுத்தது அந்தப் பை இல்லை. ரத்தத் தட்டணு தானம் கொடுக்க ராத்திரி பதினோரு மணிக்கு பைக்கில் வந்த, பெயர்கூடத் தெரியாத காலேஜ் பையன்கள். நொய்யல்கரை தம்பி, சங்கிலி அத்தை கழுத்திலேயே இருக்கட்டும்.

சென்னிமலைத்தறி:
அம்மா, இதற்கு மேல் நான் என்ன பேச. பையன் நன்றாக இருக்கட்டும். ஆனாலும் நான் கட்டியதை நிறுத்தப் போவதில்லை. எனக்கு அது இருந்தால் தூக்கம் வருகிறது, அவ்வளவுதான்.

நொய்யல்கரை (திருப்பூர்):
எல்லோருக்கும் நன்றிங்க. அத்தையிடம் உட்கார்ந்து பேசினேன். கணக்கெல்லாம் அவருக்கு ஏறவில்லை. பொள்ளாச்சி அம்மா எழுதியதை வாசித்துக் காட்டினேன், கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: அவரைப் போன்றவர்களுக்கு நாம் இப்போது என்ன கொடுக்க முடியும்?

லேப்மேட் (கோவை):
கொடுக்கலாம். சென்னையில் 2009இலிருந்து தாத்ரி என்ற ஸ்டெம் செல் பதிவேடு இருக்கிறது. 18 வயது ஆனவர்கள் கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தடவிக் கொடுத்துப் பதியலாம். பொருத்தம் பெரும்பாலும் ஒரே வம்ச வழியில் வருபவர்களுக்குள்தான் கிடைக்கும். நம் பக்கத்து நோயாளிக்கு ஜெர்மனிக்காரர் பொருந்துவது அபூர்வம், தாராபுரத்துக்காரர் பொருந்தலாம். அழைப்பு வந்தால் எலும்பைத் துளைப்பார்கள் என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் சில நாள் ஊசி போட்டு, தட்டணு தானம் மாதிரியே கையிலிருந்து எடுப்பதுதான்.

நொய்யல்கரை (திருப்பூர்):
என் கட்டிங் செக்‌ஷனிலேயே பதினாலு பையன்கள் இருக்கிறார்கள். கேட்டுப் பார்க்கிறேன். அந்தப் பெண்ணுக்கு வேண்டாம் என்று மெசேஜ் போட்டுவிட்டேன், 10,000 தள்ளுபடி என்று பதில் வந்தது. பொள்ளாச்சி அக்கா, ஒன்று கேட்க வேண்டும். உங்கள் மகன் பை இன்னும் அங்கேயே இருக்கிறதா?

பொள்ளாச்சி அம்மா:
இருக்கிறது தம்பி. வருடக் கட்டணம் கட்டச் சொல்லிப் போன மாதம் மெசேஜ் வந்தது. கட்டிவிட்டேன். ஏன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

லேப்மேட் (கோவை):
கேட்கவில்லைங்க அக்கா.