பழைய சொகுசு கார் வைத்திருப்பவர்களே, உங்களுக்கு மறக்காத பில் எது?

கோவைவாசி:
ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப்பை தாங்குவது) உள்ள ஜெர்மன் செடான், டெல்லி வண்டி. 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிக்கு அங்கே இருந்த கெடுபிடியில் எவ்வளவு மலிவாக வந்தது என்று உங்களுக்கே தெரியும். அப்பாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போக விடியற்காலையில் வெளியே வந்தால், முன்பக்கம் இடது மூலை டயர் மேலேயே படுத்துவிட்டது. இடுக்கில் விரல் நுழையவில்லை. ஸ்டார்ட் செய்தேன், கம்ப்ரஸர் இரைகிறதே தவிர வண்டி எழும்பவில்லை. அப்பா கைத்தடியை ஊன்றி நின்றபடி, "ஆட்டோவைக் கூப்பிடுப்பா" என்றார். அவர் சிரமப்படாமல் போய்வர வாங்கிய வண்டி அது. பெல்லோஸ், அதாவது அந்தக் காற்றுப்பையின் ரப்பர் விரிசல் விட்டுக் காற்று கசிய, ஈடுகட்ட ஓடி ஓடிக் கம்ப்ரஸரும் போயிருந்தது. இரண்டுக்கும் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்கு மேல்.

வைகைக்கரை:
உங்களுக்காவது வழி இருக்கிறது, காற்றுப்பையைக் கழற்றிவிட்டு சாதாரண காயில் ஸ்பிரிங் கிட் போட்டால் தீர்ந்தது. எனக்கு இன்ஜினுக்குள் வால்வுகளை ஓட்டும் டைமிங் செயினில் சத்தம். சில மாடல்களில் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும், இன்ஜினை இறக்காமல் கை எட்டாது அல்லவா, அதுதான். பட்டறையில் இன்ஜினை இறக்கித் தரையில் வைத்திருந்தார்கள். காலியாகக் கிடந்த பானட்டுக்குள் எட்டிப் பார்த்ததும் வயிறு கலங்கியது. செயின் விலை கொஞ்சம்தான், கூலி தனிக் கணக்கு.

ஸ்பேனர்:
காயில் ஸ்பிரிங் வேண்டாம் சார். டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு லேசில் அணையாது, பெரியவர் விரும்பும் அந்த மிதப்பும் போய்விடும். எனக்கு நடந்தது சின்னது: மேட்டில் இரண்டாவது கியர் விழும்போது பின்னாலிருந்து யாரோ இடித்த மாதிரி ஒரு உதறல். ஆயில் மாற்றியதும் சரியானது. ஆகவே எல்லோரும் கேளுங்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் 'லைஃப்டைம்', மாற்றவே வேண்டாம் என்று கார் கம்பெனி எழுதியிருந்தாலும், கியர்பாக்ஸ் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. பல மாடல்களில் ஃபில்டரும் ஆயில் தேங்கும் அடித்தட்டும் ஒரே பிளாஸ்டிக் துண்டு, சேர்த்தே மாற்ற வேண்டும். வாங்கும் முன் வண்டியை ராத்திரி முழுக்க நிறுத்தச் சொல்லிவிட்டு, காலையில் நான்கு மூலை உயரத்தையும் டேப் வைத்து அளங்கள். பானட்டைத் தொட்டுப் பாருங்கள்; நீங்கள் போவதற்கு முன்பே சூடாக இருந்தால் விற்பவர் எதையோ மறைக்கிறார். கூலன்ட் டேங்க், தெர்மோஸ்டாட் ஹவுசிங் எல்லாம் பிளாஸ்டிக். விரிசல் விடும் வரை காத்திருக்காதீர்கள். சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் கதவு, பம்பர் எடுக்கலாம். மின் பாகம் எதையும் பழையதாக எடுக்காதீர்கள்.

திண்டிவனத்தான்:
கடைசி வரியை ஏற்க மாட்டேன். வண்டியின் கணினிப் பெட்டியான கன்ட்ரோல் மாட்யூல் என்றால் சரி, சாஸி நம்பருக்குக் கோடிங் செய்யாமல் பெரும்பாலும் வேலை செய்யாது. எல்லாவற்றையும் ஏன் சேர்க்கிறீர்கள்? கொட்டும் மழையில் நெடுஞ்சாலையில் பின்கதவுக் கண்ணாடி தடாலென்று உள்ளே இறங்கிவிட்டது. என் மகள் வீடு வரைக்கும் ஜன்னலில் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டே வந்தாள். கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரைப் புதிதாக வாங்கச் சொன்ன விலையில் ஒரு ஸ்கூட்டருக்கு முன்பணம் கட்டலாம். புதுப்பேட்டையில் எடுத்ததுதான் இன்றுவரை ஓடுகிறது, மோட்டாரோடு. கியர்பாக்ஸ் ஆயில் விஷயத்தில் உங்கள் பக்கம்தான். உங்கள் கியர்பாக்ஸுக்கு எந்த ஆயில் ஊற்றினீர்கள்?