செல்லோவோடு மகனைக் கல்லூரி ஆடிஷனுக்கு அழைத்துப் போகிறேன், எதையெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும்?

ஆஸ்டின் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். என் மகன் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான். பள்ளி ஆர்கெஸ்ட்ராவில் செல்லோ (வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியம்) வாசித்தவன், இப்போது கல்லூரியிலும் அதைத்தான் படிப்பேன் என்று உறுதியாக நிற்கிறான். இங்கே அமெரிக்காவில், ரோச்செஸ்டரில் ஈஸ்ட்மன், ஓபர்லின், கிளீவ்லாண்ட், அப்புறம் புளூமிங்டனில் இண்டியானா என்று நான்கு இசைக் கல்லூரிகளில் ஆடிஷனுக்கு நேரில் வாசிக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாம் ஜனவரி கடைசிக்கும் பிப்ரவரி கடைசிக்கும் நடுவில். என் கணவருக்கு லீவு கிடைக்காது, நான்தான் கூடப் போகிறேன்.

எனக்கு மேற்கத்திய இசை தெரியாது. சின்ன வயதில் கொஞ்சம் வீணை கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான். செல்லோவை விமானத்தில் எப்படிக் கொண்டுபோவது? அவன் வாசிக்கும்போது நான் உள்ளே இருக்கலாமா? அந்த நாளில் அம்மா என்று நான் செய்ய வேண்டியது என்ன, செய்யக் கூடாதது என்ன? போய் வந்தவர்கள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

எடிசன் அப்பா:

வணக்கம்மா. என் மகளும் செல்லோதான், இப்போது ஒரு கன்சர்வேட்டரியில், அதாவது இசைக் கல்லூரியில், இரண்டாம் ஆண்டு. அவளோடு குளிர்காலம் முழுக்க அலைந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் விமானம். செல்லோவுக்குத் தனி சீட் வாங்குங்கள். நல்ல ஹார்ட் கேஸ்தானே, லக்கேஜில் போட்டுவிடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஒரு தடவை கீழே விழுந்தால் கழுத்து உடைந்துவிடும், சீசன் அதோடு முடிந்தது. டிக்கெட்டை இணையத்தில் போடாமல் ஏர்லைன்ஸுக்கு ஃபோன் செய்து, இது செல்லோவுக்கான சீட் என்று சொல்லியே போடுங்கள். 2015இல் வந்த அமெரிக்கப் போக்குவரத்துத் துறை விதிப்படி, சீட் வாங்கியிருந்தால், பெட்டியோடு 165 பவுண்டுக்குள் இருக்கும் வாத்தியத்தை கேபினில் ஏற்ற வேண்டும். ஆனால் அந்த விமானத்தில் பாதுகாப்பாகக் கட்டி வைக்க முடிந்தால்தான். அதனால் எந்த வகை விமானம் என்று ஃபோனிலேயே கேளுங்கள், ரொம்பச் சின்ன ஜெட் என்றால் வேறு நேரம் பாருங்கள். பெரும்பாலும் ஜன்னல் சீட்தான் கொடுப்பார்கள், எக்ஸிட் வரிசை கிடையாது. ஏறியதும் பெல்ட் எக்ஸ்டென்டர் கேட்டு வாங்கிக் கட்டுங்கள். எண்ட்பின், அதாவது செல்லோவைத் தரையில் ஊன்றும் கம்பி, கூர்மையாக இருக்கும் என்பதால் நாங்கள் அதைக் கழற்றித் துணிப்பெட்டியில் போட்டு லக்கேஜில் அனுப்பினோம்.

ஓபர்லினும் கிளீவ்லாண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, நாற்பது மைல்கூட இருக்காது. தேதி ஒத்துவந்தால் ஒரே பயணத்தில் இரண்டையும் முடித்துவிடலாம். ரோச்செஸ்டரிலிருந்து காரிலும் வரலாம், நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். ஆனால் பஃபலோவிலிருந்து வழியெல்லாம் ஈரி ஏரிக்கரை. ஏரிப் பனி இறங்கினால் பஃபலோ பக்கம் ரோடே தெரியாது. எங்கே போனாலும் ஆடிஷனுக்கு முந்தின நாள் மதியத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

அப்படிச் சொல்வது தூக்கத்துக்காக மட்டும் இல்லை. ரோச்செஸ்டர் ஹோட்டலில் காலையில் பெட்டியைத் திறந்தால் ஏ தந்தி தொளதொளவென்று கிடந்தது. ஹீட்டர் ராத்திரி முழுக்க ஓடியதில் அறைக் காற்று காய்ந்து, மரம் சுருங்கி, தந்தியை முறுக்கும் பிருடை தானாக வழுக்கிவிட்டது. மகள் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பிருடையை உள்ளே அழுத்தி அழுத்திச் சுருதி ஏற்றினாள். ஏற்றிய கொஞ்ச நேரத்தில் மறுபடி இறங்கும், மறுபடி ஏற்றுவாள். தந்தி நிலைக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கையில் நேரம் இருந்ததால் அவள் பதறவில்லை. நீங்கள் வீணையைத் தொட்டவர், உங்களுக்கு இது புரியும். மரம் காயாமல் இருக்க செல்லோ முகப்பிலுள்ள எஃப் வடிவத் துளையில் தொங்கவிடும் ஈரக் குழாய், ஒரு செட் மாற்றுத் தந்தி, பிருடைக்குத் தடவும் பேஸ்ட், மூன்றும் பெட்டியிலேயே இருக்கட்டும். ஐந்து நிமிஷம் என்றாலும் செல்லோவைக் காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

அடுத்தது நாற்காலி. இதை யாரும் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு விதம் இருக்கும். சிலது பின்பக்கம் சரிந்திருக்கும், அதில் உட்கார்ந்தால் வில் பிடிக்கும் தோளே மாறிவிடும். சரிவான சின்ன மெத்தை ஒன்றைக் கொண்டுபோங்கள். தரையும் அப்படித்தான், வழவழப்பான மேடையில் எண்ட்பின் நழுவும். நாற்காலிக் காலில் மாட்டும் பட்டை ஒன்று விற்கிறார்கள், அதுதான் நம்பகமானது. ஆடிஷனுக்குப் போடப்போகும் உடையையும் ஷூவையும் போட்டுக்கொண்டு வீட்டில் முழுதாக வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். குதிகால் உயர்ந்தால் முழங்கால் உயரும், செல்லோ நிற்கும் கோணமே வேறாகிவிடும்.

உள்ளே உங்களை விட மாட்டார்கள். பெற்றோர் லாபியில்தான் இருக்க வேண்டும். பாக் எழுதிய சூட்டில் இரண்டு பகுதி, ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் கான்செர்டோவில் ஒன்று, பாப்பரின் எட்யூட் என்ற பயிற்சித் துண்டு என்று மாதக்கணக்கில் தயார் செய்திருப்பான். பாதியில் "போதும், நன்றி" என்று நிறுத்துவார்கள். பதினைந்து நிமிஷத்துக்குள் வெளியே வந்துவிடுவான். நிறுத்தினால் பிடிக்கவில்லை என்று அர்த்தம் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். இதை இப்போதே அவனிடம் சொல்லி வையுங்கள், நீங்களும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே வந்ததும் "எப்படிப்பா வாசிச்சே?" என்று கேட்காதீர்கள். அந்த நேரத்தில் அவனுக்கே தெரியாது, நினைவில் நிற்பதெல்லாம் கை இடம் மாறும்போது தப்பிய ஒரு ஷிஃப்ட்தான். செல்லோவை வாங்கிக்கொண்டு "பசிக்குதா?" என்று கேளுங்கள். சொல்லத் தோன்றினால் சாப்பிடும்போது அவனே சொல்வான். லாபியில் மற்ற பெற்றோர்களிடம் உங்கள் பையன் எங்கெல்லாம் போகிறான், யாரிடம் கற்றுக்கொள்கிறான் என்று விசாரிப்பதும் வேண்டாம். பக்கத்து அறையில் யாரோ த்வொர்ஷாக்கின் கான்செர்டோவை இரண்டு மடங்கு வேகத்தில் வாசிப்பது கதவு வழியாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். பிள்ளைகளுக்கு அந்தப் பாரமே போதும்.

எனக்கு இதிலெல்லாம் பெரியதாகப் படுவது ஆசிரியர். நான்கு வருஷமும் பெரும்பாலும் ஒரே ஆசிரியர், வாரம் ஒரு தனிப்பாடம். கிட்டத்தட்ட குருகுலம்தான். அதனால் ஆடிஷனுக்கு முன்னாலோ, அங்கே போகும் அன்றோ, அந்த ஆசிரியரிடம் ஒரு பாடம் எடுக்க முடியுமா என்று உங்கள் மகனே மின்னஞ்சல் எழுதட்டும், நீங்கள் எழுதாதீர்கள். சிலர் ஃபீஸ் வாங்குவார்கள், சிலர் வாங்க மாட்டார்கள். இந்த வருஷம் உங்கள் ஸ்டூடியோவில், அதாவது உங்களிடம் படிக்கும் மாணவர் குழுவில், எத்தனை இடம் காலியாகிறது என்று கேட்பதில் தப்பே இல்லை. இரண்டு பேர் படித்து முடித்தால் கிட்டத்தட்ட இரண்டு இடம்தான். எத்தனை நன்றாக வாசித்தாலும் அதற்கு மேல் எடுக்க முடியாது. இது தெரிந்திருந்தால், கிடைக்காத இடத்தை நினைத்துப் பையன் தன்னையே நொந்துகொள்ள மாட்டான்.

வயோலா மாணவன்:

ஆன்ட்டி, நான் வயோலாவில் (வயலினைவிடக் கொஞ்சம் பெரியது) மூன்றாம் ஆண்டு. எடிசன் அங்கிள் சொன்னதோடு பிள்ளைகள் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

வார்ம்-அப் அறைக்குள் நீங்கள் வர வேண்டாம். சில இடங்களில் அது அரை மணி நேரத்துக்குத்தான் கிடைக்கும், அந்த நேரம் அவனுக்கே அவனுக்கு. எங்கள் கல்லூரியில் ஆடிஷன் நாளில் நாங்கள்தான் வந்து கூப்பிட்டுக்கொண்டு போவோம், அதனால் வழி தெரியாமல் அலைவானோ என்று கவலைப்படாதீர்கள். கைக்கு உள்ளங்கைச் சூட்டுப் பை ஒன்று கொடுத்து அனுப்புங்கள். வெளியே மைனஸில் நடந்து வந்த விரல் உடனே வாசிக்காது.

என் அம்மா ஃபிளாஸ்க்கில் ரசமும் டப்பாவில் தயிர்சாதமும் கொண்டுவருவார்கள். வாசிப்பதற்கு முன்னால் வாழைப்பழம் தவிர எதுவும் எனக்கு இறங்காது. முடிந்த பிறகு காரில் அந்த ரசத்தைக் குடிப்பேன். அம்மா ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

இன்னொன்று, அங்கே இப்போது படிக்கிற மாணவர்களோடு மதியம் சாப்பிடச் சொல்லுங்கள். பெயர்பெற்ற ஆசிரியர்கள் பலர் கச்சேரிக்காக ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருப்பவர்கள். ஒரு செமஸ்டரில் உண்மையில் எத்தனை பாடம் நடக்கிறது, அவர் இல்லாதபோது யார் பாடம் எடுக்கிறார்கள் என்பதெல்லாம் வெப்சைட்டில் இருக்காது. மாணவர்கள் மறைக்காமல் சொல்லிவிடுவார்கள்.

ஆஸ்டின் அம்மா:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. நாற்காலி விஷயம் என் தலையில் ஏறியே இருக்காது. தம்பி, அந்த ரசத்துக்கு நான் இப்போதே தயார்!

அங்கிள் என்று தம்பி கூப்பிட்டுவிட்டான், நான் அண்ணா என்கிறேன். அண்ணா, இன்னும் ஒரு கேள்வி. மதுரையிலிருந்து மாமியார் தினமும் ஃபோனில் "இஞ்சினியரிங்கை விட்டுடாதீங்க" என்கிறார். எங்களுக்கும் செலவை நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது. நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

எடிசன் அப்பா:

பெரியவர்கள் கேட்பது நியாயமான கேள்விதானம்மா. ஓபர்லினில் ஐந்து வருஷத்தில் இரட்டைப் பட்டம் உண்டு, இசையும் கலை அறிவியலும் சேர்ந்தது. அங்கே இஞ்சினியரிங் கிடையாது, ஆனால் கணிதமோ இயற்பியலோ கணினி அறிவியலோ எடுக்கலாம். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்திலும் ஐந்து வருஷ ஏற்பாடு இருக்கிறது, அதில் இஞ்சினியரிங்கோடும் சேர்க்கலாம். இசைப் பக்கமும் மற்றப் படிப்புப் பக்கமும் தனித்தனியாக இடம் கொடுக்க வேண்டும் என்பதால் விண்ணப்பத்தில் எதற்குப் போட்டிருக்கிறீர்கள் என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஆனால் பையனுக்கு வேறு படிப்பில் நிஜமாக ஆசை இருந்தால் மட்டும். தினமும் நாலைந்து மணி நேரம் சாதகம், அதற்கு மேல் லேப் என்றால், மனமில்லாத பிள்ளையால் இரண்டையும் இழுக்க முடியாது.

செலவுக்கு வருகிறேன். பிலடெல்பியாவில் இருக்கும் கர்ட்டிஸ் இசைக் கல்லூரியில் 1928இலிருந்து யாருக்கும் படிப்புக் கட்டணம் கிடையாது, ஆனால் அங்கே மொத்தமே இருநூறு பேருக்கும் குறைவு. மற்ற இடங்களில் ஆடிஷனை வைத்தும் உதவித்தொகை முடிவாகும். அரசு நிதி உதவிக்கான ஃபாஃப்சா விண்ணப்பமும், கேட்கும் கல்லூரிக்கு சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற இன்னொரு நிதி உதவி விண்ணப்பமும் கெடு தேதிக்குள் போய்விட வேண்டும். ஆடிஷன் அன்று பெற்றோருக்கு நிதி உதவி பற்றி ஒரு கூட்டம் இருந்தால் தவறாமல் போய் உட்காருங்கள், லாபியில் நகம் கடிப்பதைவிட உபயோகமான நேரம் அது. முடிவுகள் பெரும்பாலும் ஏப்ரல் 1க்குள் வந்துவிடும், மே 1க்குள் பதில் சொல்ல வேண்டும். அந்த ஒரு மாதம்தான் பேசும் காலம். வேறு இடத்தில் அதிகம் கொடுத்திருந்தால் அந்தக் கடிதத்தை இணைத்து, உங்களிடம்தான் படிக்க ஆசை, தொகையை மறுபடி பார்க்க முடியுமா என்று மரியாதையாக எழுதுங்கள். நாங்கள் எழுதினோம், கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார்கள்.

மாமியாரிடம் வாதாட வேண்டாம். பையன் வாசிக்கும் பாக்கை ஒரு நாள் வீடியோ காலில் முழுதாகக் கேட்க வையுங்கள்.