வெள்ளத்தில் தொலைந்த செல்லங்கள் வீடு சேர்ந்த அனுபவங்கள்

ஈரத்திண்ணை:
வெள்ளம் வடிந்த பிறகு மீட்பு முகாமில் கூண்டு கழுவும் வேலை எனக்கு. ஒரு பெரியவர் ஒவ்வொரு கூண்டாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு செவலை நாயின் முன் நின்று, "இது இல்லப்பா, நம்மது நல்லா கொழுகொழுன்னு இருக்கும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். வாசலருகே போய் இருமினார், அவ்வளவுதான். சுருண்டு கிடந்த நாய் கம்பியில் மோதி மோதிக் கத்த ஆரம்பித்துவிட்டது. சேறும் பட்டினியும் அதை அப்படி உருமாற்றியிருந்தன. அன்றைக்கு அவருக்கு இருமல் வராமல் போயிருந்தால்? இதுதான் இன்னும் மனசை அரிக்கிறது.

மூன்றாம்மாடி:
விட்டுவிட்டு ஓடியவரிடம் நாயைத் திருப்பிக் கொடுத்திருக்கவே கூடாது.

கட்டைவால்:
மூன்றாம்மாடி, படகில் வந்தவர்கள் "ஆள் மட்டும் ஏறுங்க" என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? 2005 கத்ரீனா புயலில் இதே கதைதான். நாய் பூனையை விட்டு வர மாட்டோம் என்று பலர் வீட்டிலேயே தங்கினார்கள். பேரிடர்த் திட்டங்களில் செல்லப்பிராணிகளையும் சேர்க்கச் சொல்லி 2006இல் அமெரிக்காவில் சட்டமே வந்தது.

ஈரத்திண்ணை, நாயின் துள்ளலை மட்டும் நம்பி ஒப்படைக்காதீர்கள். மிரண்ட நாய் யாரைப் பார்த்தும் வாலாட்டும், சொந்தக்காரரைக் கண்டும் பதுங்கும். எங்களிடம் ஒரு வெள்ளை நாய்க்கு இரண்டு குடும்பம் வந்து நின்றது. அதன் பின்னங்காலில் ஒரே ஒரு நகம் கறுப்பு. அதை அறிவிப்பில் போடாமல் வைத்திருந்தோம். அடையாளம் கேட்டதும் ஒரு சிறுமி தன் காலை நீட்டி, எந்த விரல் என்று தொட்டுக் காட்டினாள். மற்றவர்கள் பேசாமல் கிளம்பிவிட்டார்கள். ஆகவே கண்டெடுப்பவர்கள் ஒரு அடையாளத்தையாவது மறைத்து வையுங்கள். வளர்ப்பவர்கள், நீங்களும் அதுவும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்று போனில் மட்டும் இல்லாமல் வேறிடத்திலும் வையுங்கள். போன்தான் முதலில் நனையும். தோலுக்கடியில் அடையாளச் சிப் போட்டாயிற்று என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அதில் ஜிபிஎஸ் கிடையாது, பெரும்பாலும் 15 இலக்க எண் ஒன்றுதான். அந்த எண்ணோடு பதிந்திருப்பது பழைய போன் நம்பர் என்றால் யாரைக் கூப்பிடுவது?

பரண்பூனை:
எங்கள் பூனையைச் சுற்றுவட்டாரமெல்லாம் தேடினோம். அது எங்கள் வீட்டுப் பரணிலேயே, மெத்தைக்குப் பின்னால்! பெயர் சொல்லிக் கத்தியபோதெல்லாம் மூச்சு விடவில்லை. ராத்திரி டார்ச் அடித்தபோதுதான் கண் மின்னியது.

ஒற்றைச்செவி:
கட்டைவால் சொன்னது பாதிதான். முகாமில் கழுத்துப் பக்கம் ஒருமுறை ஸ்கேனரைக் காட்டிவிட்டு, "சிப் இல்லை" என்று எழுதி, எங்கள் நாயை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். அரிசி அளவு சிப், தோலுக்கடியில் நகரும். அந்த வீட்டார் தடுப்பூசிக்குக் கொண்டுபோனபோது மருத்துவர் பொறுமையாகத் தோள் வரைக்கும் ஸ்கேன் செய்திருக்கிறார், முன்னங்கால் பக்கம் பீப் அடித்தது. வாங்கப் போனோம். அந்த வீட்டுப் பையன் கழுத்துப்பட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவன் வைத்த பெயருக்குத்தான் நாய் இப்போதும் சட்டென்று திரும்புகிறது.

மூன்றாம்மாடி:
அப்போ அவனிடமே விட்டிருக்கலாமே?

ஒற்றைச்செவி:
என் மகளிடம் நீங்களே வந்து சொல்லுங்கள்.