கைரோபிராக்டிக் ஆய்வுகளைத் தவறவிடாமல் தேட உதவி தேவை

வணக்கம். கொழும்பில் இயன்மருத்துவ மாணவர்களுக்காக மாதாந்தம் கைரோபிராக்டிக் (முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் சரிசெய்யும் சிகிச்சை) ஆய்வுத் தொகுப்பு ஒன்று தயாரிக்கிறோம்.

பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடுதளத்தில் மெஷ் சொற்களை (கட்டுரைகளுக்கு இடப்படும் நிலையான பொருட்சொற்கள்) மட்டும் நம்பினால், அதன் முதன்மைப் பகுதியான மெட்லைனில் சேராத சஞ்சிகைகள் விடுபட்டுவிடும். அவற்றுக்கு மெஷ் இடப்படுவதில்லை. அதனால் தலைப்பிலும் சுருக்கத்திலும் 'கைரோபிராக்ட்' என்ற ஆங்கில வேர்ச்சொல்லுக்குப் பின் உடுக்குறி (*) போட்டு, 'அல்லது' கொண்டு மெஷ்ஷுடன் இணைத்து, வாராந்த மின்னஞ்சல் அறிவித்தல் வைத்திருக்கிறோம். கட்டுரை வகை வடிகட்டியை வேண்டுமென்றே தவிர்த்தோம்: வகை குறிக்கப்படாத புதிய மருத்துவச் சோதனைகள் அதில் காணாமற்போகும். சலித்தெடுப்பது கையால்தான், வேலை கூட.

பெரிய சிக்கல் இரட்டைப் பதிவு. முன்பதிப்புக்கும் (சக மதிப்பாய்வுக்கு முன் வெளியாகும் வடிவம்) இறுதிப் பதிப்புக்கும் டிஓஐ என்ற அடையாள எண் வேறு. தலைப்பும் மாறினால் மேற்கோள்களைச் சேமிக்கும் ஸொட்டேரோ மென்பொருள் இரண்டையும் தனித்தனி ஆய்வாகவே வைத்திருக்கும். ஒரே சோதனையை இருமுறை எண்ணினால் முடிவே பிழைக்கும். சோதனைப் பதிவேட்டில் ஒவ்வொரு சோதனைக்கும் தரப்படும் இலக்கத்தை வைத்து இவற்றைச் சேர்ப்பவர்கள் உங்கள் முறையைப் படிப்படியாகச் சொல்வீர்களா?

'கைரோபிராக்டிக் அன்ட் மானுவல் தெரபிஸ்' சஞ்சிகை எல்லோருக்கும் திறந்தது. கட்டணச் சஞ்சிகைகளின் முழுக் கட்டுரையை வெளியார் வாசிக்கக்கூடிய நூலகம் கொழும்பில் எது? கற்பித்தல் முறை ஆய்வுகளுக்கு எரிக் என்ற கல்வி ஆய்வுத் தளத்தில் எந்தத் தேடற்சொற்கள் பலன் தந்தன என்பதையும் எழுதுங்கள்.