துஃபாஹியா: ஆப்பிள் அடியில் குழைகிறது, மேலே வேகவில்லை. என்ன தப்பு?

கேள்வி:
போஸ்னியாவின் துஃபாஹியா (தோல் சீவி, பாகில் வேகவைத்து, வால்நட் பூரணம் அடைத்த ஆப்பிள்) இரண்டு முறை செய்தும் சரியாக வரவில்லை. அளவு: 6 சிவப்பு ஆப்பிள், 1 லிட்டர் தண்ணீர், 200 கிராம் சர்க்கரை. நன்றாகக் கொதிக்கவிட்டு 20 நிமிடம் வைத்தேன். அடிப்பாகம் கூழ், மேல்பாகம் பழுப்பேறி அரைவேக்காடு. இரண்டு ஆப்பிள் அடியில் பிளந்து பூரணம் ஒழுகிவிட்டது. மேலே வைத்த கிரீமும் உருகி ஓடிவிட்டது.

பதில் 1:
முதல் தப்பு கொதி. தளதளவென்று கொதித்தால் ஆப்பிள்கள் ஒன்றோடொன்று மோதியே சிதையும். பாகு கொதித்ததும் சிம்மில் வையுங்கள், ஓரத்தில் சின்னக் குமிழி வந்தால் போதும். ஆப்பிளின் சதைக்குள் காற்று அதிகம், அதனால்தான் மிதக்கிறது. பாகுக்கு வெளியே நிற்கும் பாகம் வேகாது, கறுக்கும். பட்டர் பேப்பரை வட்டமாக வெட்டி ஆப்பிள்மேல் படிய வைத்து, அதன்மேல் சின்னத் தட்டு ஒன்றைக் கவிழ்த்துவிடுங்கள். பாதி வேக்காட்டில் ஒருமுறை திருப்புங்கள். மொத்தம் 10 முதல் 15 நிமிடம்.

எலுமிச்சையைக் காணோமே? தோல் சீவியதும் எலுமிச்சை கலந்த தண்ணீரில் போடுங்கள். பாகிலும் ஒரு எலுமிச்சையின் சாறு சேருங்கள். நிறம் காப்பதோடு, சதை சீக்கிரம் கரையாமலும் பார்த்துக்கொள்ளும்.

பதில் 2:
பழமும் தப்பு. மாவாக இருக்கும் சிவப்பு ஆப்பிள் இதற்கு ஆகாது. கோல்டன் டெலிஷியஸ் அல்லது புளிப்பான பச்சை ஆப்பிள் (கிரானி ஸ்மித்), கெட்டியாக, ஒரே அளவில் 150–180 கிராம். குடையும்போது அடியில் 1 செ.மீ. விடுங்கள். கோர் எடுக்கும் குழாயை அடிவரை இறக்கினால் பூரணம் ஒழுகத்தான் செய்யும். முக்கால் ஆழத்தோடு நிறுத்தி, மிச்ச விதையைச் சின்ன ஸ்பூனால் சுரண்டுங்கள்.

சர்க்கரை லிட்டருக்கு 500 கிராம் போடுங்கள்.

பதில் 1:
500 எனக்கு அதிகமாகப் படுகிறது. பாகு கெட்டியாக இருந்தால் பழத்திலுள்ள நீரை இழுத்து, ஆப்பிள் சுருங்கித் தோல்போல் ஆகும். 300-இல் வேகவைத்து, பழத்தை எடுத்த பிறகு பாகைப் பாதியாக வற்றவிடலாம். சீவிய தோலையும் நடுத்தண்டையும் அதிலேயே போட்டு வற்றவிட்டு வடிகட்டினால் பெக்டின் (பழத்திலுள்ள இயற்கைப் பசை) இறங்கி, பாகு தானே கொழகொழப்பாகும். கம்பிப் பதம் வரை போக வேண்டாம்.

கேட்டவர்:
நன்றி. பூரணம் கசக்கிறது, உதிர்கிறது. 100 கிராம் வால்நட், 2 ஸ்பூன் சர்க்கரை, பட்டைப் பொடி மட்டும்தான் போட்டேன்.

பதில் 3:
கசப்பு வால்நட்டின் மெல்லிய தோலில் இருக்கிறது. இலேசாக வறுத்து, துணியில் வைத்துத் தேய்த்தால் பெரும்பாலும் உரிந்துவிடும். சிக்கு வாடை அடித்தால் பருப்பே பழசு, தூக்கிப் போடுங்கள். மிக்ஸியில் விட்டு விட்டு அரையுங்கள், தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கக்கும். உதிராமல் இருக்க, சூடான பால் 3 மேசைக்கரண்டி ஊற்றி 10 நிமிடம் ஊறவிடுங்கள். பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும்.

வெந்த ஆப்பிளை ஜல்லிக்கரண்டியால் எடுத்து, குழிப்பக்கம் கீழாகத் தட்டில் கவிழ்த்து வையுங்கள். உள்ளே தேங்கிய பாகு வடியாமல் அடைத்தால் பூரணம் நசநசத்துவிடும். பல்குச்சி குத்தினால் நடுவில் கொஞ்சம் தடுக்கும்போதே எடுத்துவிடுங்கள், மிச்ச வேக்காட்டை உள்சூடே பார்த்துக்கொள்ளும்.

கிரீம் உருகியது சூட்டால். பூரணம் அடைத்து, பாகு ஊற்றி, ஃபிரிட்ஜில் 4 மணி நேரம் வைத்த பிறகே கிரீம். அதுவும் 35% கொழுப்புள்ள விப்பிங் கிரீம். 25% டப்பா கிரீம் எவ்வளவு அடித்தாலும் நிற்காது. போஸ்னியத் தலைநகர் சராயேவோவில் இதைக் கண்ணாடிக் கிண்ணத்தில், பாதி உயரத்துக்குப் பாகு விட்டுத் தருவார்கள்.

கேட்டவர்:
முந்தின நாளே செய்து வைக்கலாமா?

பதில் 3:
தாராளமாக. பாகில் ஊறினால் ருசி கூடும். கிரீமை மட்டும் பரிமாறும்போது வையுங்கள்.